தெருநாய்ச் சண்டை: வீட்டுக்கு வீடு நடக்கும் வாக்குவாதத்துக்குச் சில கேள்வி பதில்கள்

2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த வாரம், எங்கள் வீட்டில் சோறு இறங்கியதோ இல்லையோ, நாய்ப்பேச்சு மட்டும் ஓயவில்லை. அம்மா ஒரு கட்சி, தங்கை எதிர்க்கட்சி. அப்பா செய்தித்தாளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நடுநிலை வகித்தார். மாடியில் நடக்கும் குடியிருப்போர் சங்கக் கூட்டத்திலும் அதே பேச்சு, டீக்கடையிலும் அதே பேச்சு. திரும்பத் திரும்பக் காதில் விழுந்த கேள்விகளையும், எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். நான் வக்கீலும் இல்லை, கால்நடை மருத்துவரும் இல்லை. ஒருமுறை கடிபட்டவன். ஒரு நாய்க்குத் தினமும் பிஸ்கட் போடுகிறவனும் நான்தான்.

இந்தச் சண்டை இப்போது ஏன் கிளம்பியது?

டெல்லியில் 6 வயதுச் சிறுமி ஒருத்தி நாய் கடித்து, ரேபிஸ் வந்து இறந்த செய்தி 2025 ஜூலை கடைசியில் ஒரு நாளிதழில் வெளியானது. உச்ச நீதிமன்றம் அதைத் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது. ஆகஸ்ட் 11 அன்று நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு கடுமையான உத்தரவு ஒன்றைப் போட்டது: டெல்லியிலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள தெருநாய்களை எல்லாம் பிடித்துக் காப்பகத்தில் அடைக்க வேண்டும், திரும்பத் தெருவில் விடவே கூடாது.

இரண்டே நாளில் வழக்கு மூன்று நீதிபதிகள் அமர்வுக்கு மாறியது. ஆகஸ்ட் 22 அன்று விக்ரம் நாத் தலைமையிலான அந்த அமர்வு முந்தைய உத்தரவைத் தளர்த்தியது. கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட்டுவிடலாம். ரேபிஸ் உள்ளது, ரேபிஸ் சந்தேகம் உள்ளது, வெறித்தனமாகப் பாய்கிறது என்றால் மட்டும் விடக்கூடாது. கண்ட இடத்தில் சோறு வைக்கக்கூடாது, அதற்கென்று இடம் ஒதுக்க வேண்டும். வழக்கு டெல்லியைத் தாண்டி எல்லா மாநிலங்களுக்கும் விரிந்தது. நவம்பர் 7 அன்று இன்னொரு உத்தரவு வந்தது: பள்ளி, மருத்துவமனை, விளையாட்டு வளாகம், பேருந்து நிலையம், ரயில் நிலையம் ஆகிய இடங்களில் பிடிக்கும் நாய்களை அங்கேயே திரும்ப விடக்கூடாது.

மூன்று மாதத்தில் மூன்று உத்தரவு. நீதிமன்றமே இப்படி யோசித்து யோசித்து நகரும்போது, நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஐந்தே நிமிடத்தில் தீர்ப்பு வந்துவிடுகிறது.

சட்டம் சொல்லியாயிற்று. அப்புறம் நியாய அநியாயம் பேசி என்ன ஆகப்போகிறது?

எதைச் செய்தால் தண்டனை என்று சட்டம் சொல்லும். எது நியாயம் என்ற கேள்வி அதோடு முடிந்துவிடாது. மேலும் நம் சட்டமே இரண்டு பக்கமும் கால் வைத்து நிற்கிறது. உயிர் வாழும் உரிமை அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவு. நாய்க்குப் பயந்து பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப முடியாத தாய் அதைத்தான் கேட்கிறார். உயிரினங்களிடம் கருணை காட்டுவது குடிமக்களின் கடமை என்று 51ஏ(ஜி) பிரிவும் அதே புத்தகத்தில் இருக்கிறது. இரண்டும் மோதும்போது எது முன்னால் போகும் என்பதைச் சாசனம் எழுதிவைக்கவில்லை. அங்கேதான் நம் பேச்சுக்கு வேலை வருகிறது.

ரேபிஸ் அவ்வளவு பெரிய விஷயமா? வருஷத்துக்கு எத்தனையோ பேர் சாலை விபத்தில் சாகிறார்களே?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பெரும்பாலும் ரேபிஸ் நோயாளியைப் பார்த்ததில்லை. நானும் பார்த்ததில்லை, பார்த்த ஒரு செவிலியர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நோய்க்குறி தெரிய ஆரம்பித்துவிட்டால் மருத்துவம் கையை விரித்துவிடும். உலகம் முழுக்கப் பிழைத்தவர்களை விரல் விட்டு எண்ணலாம். தாகம் எடுக்கும், தண்ணீர் டம்ளரைப் பார்த்தாலே தொண்டை இழுத்துக்கொள்ளும். கடைசிவரை நினைவும் வந்து வந்து போகும். அதே நோயை, கடித்த அன்றே ஊசி போட ஆரம்பித்தால் அநேகமாக முழுமையாகத் தடுத்துவிடலாம். இந்த இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். தடுக்கவே முடியாத சாவுக்கு யாரையும் குற்றம் சொல்ல முடியாது. தடுத்திருக்கக்கூடிய சாவு நடந்தால், யாரோ ஒருவர் செய்ய வேண்டியதைச் செய்யவில்லை.

மனிதருக்கு வரும் ரேபிஸில் 99 சதவீதம் வரை நாய் வழியாகத்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ரேபிஸ் சந்தேகமுள்ள விலங்கிடம் கடிபடுகிறவர்களில் 40 சதவீதம் பேர் 15 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள். உயரம் குறைவு, நாய் முகத்துக்கே பாய்ந்துவிடும். கடி மூளைக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு ஆபத்து.

எண்ணிக்கையைப் பார்த்து முடிவெடுத்துவிடலாமே?

எடுக்கலாம்தான், எந்த எண்ணிக்கையை என்று முதலில் சொல்லுங்கள்.

2024-இல் நாடு முழுவதும் பதிவான நாய்க்கடிகள் 37 லட்சத்துக்கு மேல். அதே ஆண்டு ரேபிஸால் இறந்ததாகச் சந்தேகிக்கப்படுபவர்கள் 54 பேர் என்று மத்திய அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடோ இந்தியாவில் ஆண்டுக்கு 18,000 முதல் 20,000 சாவுகள். ஐம்பத்துச் சொச்சம் எங்கே, இருபதாயிரம் எங்கே? நாய்க்காகப் பேசுபவர் முதல் எண்ணைக் காட்டுவார், எதிர்ப்பவர் இரண்டாவதைக் காட்டுவார். இருவரும் பொய் சொல்லவில்லை. ஒன்று பதிவேட்டில் ஏறியது, மற்றது கணக்குப் போட்டு ஊகித்தது.

அதைவிட வேடிக்கை, அதே 2024-இல் தமிழ்நாட்டில் மட்டும் 4.8 லட்சம் நாய்க்கடிகளும் 43 ரேபிஸ் சாவுகளும் நம் பொது சுகாதாரத் துறைக் கணக்கில் இருக்கின்றன. நாட்டில் 54, அதில் நம்மிடம் மட்டும் 43 என்றால், தமிழ்நாட்டு நாய்கள்தான் பொல்லாதவை என்று அர்த்தமா? அப்படி எடுத்துக்கொள்ளக்கூடாது. இங்கே எழுதிவைக்கிறார்கள், பல மாநிலங்களில் எழுதிவைக்கவில்லை என்றுதான் நான் படிக்கிறேன். கிராமத்தில், வீட்டில், கதவைச் சாத்திக்கொண்டு நடந்த சாவு எந்தப் பதிவேட்டிலும் ஏறாது.

ஆகவே விவாதத்தில் யாராவது ஒரு எண்ணைத் தூக்கிப் போட்டால், சண்டைக்குப் போகும் முன் ‘இது எண்ணினதா, மதிப்பிட்டதா?’ என்று கேளுங்கள். பாதிச் சூடு அங்கேயே இறங்கிவிடும்.

பேசாமல் கொன்றுவிட்டால் என்ன? அந்தக் காலத்தில் செய்தார்கள்தானே?

செய்தார்கள், அதுவும் நூறு வருஷத்துக்கு மேல். மெட்ராஸ் மாநகராட்சி 19-ஆம் நூற்றாண்டிலேயே ஆரம்பித்து 1996 வரை தெருநாய்களைப் பிடித்துக் கொன்றுகொண்டிருந்தது. கடைசிக் காலத்தில் மின்சாரம் பாய்ச்சி. என் அப்பாவுக்கு அந்த நாய் வண்டி ஞாபகம் இருக்கிறது. இரும்புக் கம்பியில் சுருக்கு மாட்டி இழுத்துப் போவார்களாம், தெருப் பிள்ளைகள் பின்னாலேயே ஓடுவார்களாம். ஒரு கட்டத்தில் கொன்ற நாய்கள் அவ்வளவு சேர்ந்துபோனதால், நாய்த்தோலில் கழுத்தில் கட்டும் டையும் பர்ஸும் செய்யலாமா என்று இங்கிருந்த தோல் ஆராய்ச்சி நிறுவனமே யோசித்ததாக ப்ளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்பினர் சொல்கிறார்கள்.

இவ்வளவுக்கும் பிறகு தெருவில் நாய் தீர்ந்ததா? தீரவில்லை. குப்பை இருக்கிறது, இறைச்சிக் கடைக் கழிவு இருக்கிறது, காலியான இடத்துக்குப் பக்கத்துத் தெரு நாய் வந்துவிடுகிறது, மிச்சமிருக்கும் பெட்டை ஆண்டுக்கு இரண்டு ஈற்றுகூடப் போடலாம். கொல்வது தவறா சரியா என்ற கேள்விக்குப் போகும் முன்பே, அது பலிக்கவில்லை என்ற பதில் நம் ஊரிலேயே கிடைத்துவிட்டது. பலிக்காத கொலைக்கு நியாயம் கற்பிப்பது கஷ்டம்.

வெளிநாட்டைக் காட்டுவார்கள். ருமேனியாவில் 2013-இல் புக்கரெஸ்ட் நகரில் 4 வயதுச் சிறுவன் நாய்கள் கடித்து இறந்தான். சில நாட்களிலேயே சட்டம் வந்தது: பிடித்த நாயை 14 வேலைநாளுக்குள் யாரும் கேட்டு வராவிட்டால் கொல்லலாம். துருக்கி 2024-இல் தெருநாய்களை எல்லாம் காப்பகத்துக்குக் கொண்டுபோகச் சட்டம் போட்டது, நோயுற்றதையும் ஆபத்தானதையும் கொல்லவும் வழிவைத்தது. அதை எதிர்த்துப் பெரும் போராட்டங்கள் நடந்தன. இந்தச் சட்டங்கள் எல்லாம் ஒரு குழந்தையின் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு எழுதப்படுகின்றன. அந்தத் துக்கத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் துக்கம் சூடாக இருக்கும்போது ‘என்ன செய்தால் அடுத்த குழந்தை பிழைக்கும்?’ என்ற கேள்வி பின்னால் போய்விடுகிறது, ‘யாரைத் தண்டிக்கலாம்?’ என்பது முன்னால் வந்து நிற்கிறது.

சரி, கொல்ல வேண்டாம். காப்பகத்தில் போட்டுவிடலாம். அதில் என்ன பாவம்?

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 2024-இல் எடுத்த கணக்கெடுப்பின்படி சென்னையில் சுமார் 1.8 லட்சம் தெருநாய்கள். ஒரு நாய்க்கு ஒரு நாளைக்கு 20 ரூபாய்ச் சாப்பாடு என்று கஞ்சத்தனமாகவே வைத்துக்கொள்வோம். தினம் 36 லட்சம். வருஷத்துக்கு 131 கோடி. இடவாடகை, ஆள்கூலி, மருத்துவர், தண்ணீர், கழிவு எல்லாம் தனி. அடைத்த இடத்தில் ஒரு நாய்க்கு நோய் வந்தால் ஒரு வாரத்தில் வரிசையாக விழும். பத்து நாய்க்கான கூண்டில் நாற்பது நாயைத் தள்ளினால் அதற்குப் பெயர்தான் காப்பகம். கொலையை நாம் பார்க்காத இடத்துக்கு மாற்றியிருக்கிறோம், அவ்வளவுதான்.

காப்பகமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கடிக்கிற நாய்க்கு, அடிபட்ட நாய்க்கு, வயதான நாய்க்கு வேண்டும். மருத்துவமனை வார்டுக்குள் படுத்திருக்கும் நாயை அங்கிருந்து அப்புறப்படுத்தத்தான் வேண்டும். அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. அப்படிச் சில ஆயிரம் நாயை நன்றாக வைத்துக்கொள்ள முடியும். லட்சக்கணக்கில் முடியும் என்று சொல்பவர், செலவை யார் தலையில் கட்டப்போகிறார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தெருநாய்க்குச் சோறு வைப்பது புண்ணியமா, அடுத்தவருக்குச் செய்யும் தொல்லையா?

எங்கள் தெருவில் எல்லாச் சண்டையும் இங்கேதான் வெடிக்கிறது. அதனால் இதற்குக் கொஞ்சம் நீட்டியே பதில் சொல்கிறேன்.

எதிர் பிளாக்கில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருக்கிறார். எல்லோரும் டீச்சரக்கா என்போம். ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு எவர்சில்வர் தூக்கில் சோறும், கறிக்கடையில் வாங்கிய கோழிக்காலும் கலந்து எடுத்துக்கொண்டு வருவார். டிரான்ஸ்பார்மருக்குக் கீழே பழைய பிளாஸ்டிக் தட்டு ஐந்து. ‘டேய் செவல!’ என்று ஒரு குரல்தான். ஏழெட்டு நாய் வந்துவிடும்.

அந்த டிரான்ஸ்பார்மரைத் தாண்டித்தான் இரவுப் பணி முடிந்து ஒரு பெண் தினமும் நடந்து வீட்டுக்குப் போக வேண்டும். துணிக்கடையில் வேலை, பத்து மணிக்குத்தான் கடை அடைப்பார்கள். சாப்பிட்டு முடித்த நாய்கள் அங்கேயே படுத்திருக்கும். ஒருநாள் அவர் சங்கக் கூட்டத்துக்கு வந்து ஒன்றே ஒன்று சொன்னார்: “அக்கா, நீங்க சோறு போடுங்க, நான் வேணாங்கல. என் வழியில போடாதீங்க.”

டீச்சரக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. “பசிச்ச ஜீவனுக்கு வழி பார்த்தா போடுவாங்க?” என்றார். கூட்டம் இரண்டாகப் பிளந்தது. ஒருவர் டீச்சரக்காவை நாய்ப்பைத்தியம் என்றார். இன்னொருவர் அந்தப் பெண்ணுக்கு இரக்கமே இல்லை என்றார். இரண்டுமே தப்பு. கருணை ஒருவருடையது, அதற்கான விலையை இன்னொருவர் கொடுத்துக்கொண்டிருந்தார். பிரச்சினை அதுதான். டீச்சரக்கா மாடிக்குப் போய்த் தாழ் போட்டுக்கொள்வார். நடந்து போகிறவர் அந்தப் பெண்தான்.

நகரத்தில் நாய்க்கடி யாருக்கு விழுகிறது என்று பார்த்தால் இது விளங்கும். காரில் போகிறவருக்கு விழுவதில்லை. விடியற்காலையில் தெரு கூட்டும் தூய்மைப் பணியாளர், பால் பாக்கெட் போடும் பையன், சாப்பாடு கொண்டுவரும் டெலிவரி ஆள், நடைபாதையில் படுப்பவர், பள்ளிக்கு நடந்து போகும் பிள்ளை. இவர்களில் ஒருவர்கூட நாய்ப் பிரச்சினை பற்றிய டிவி விவாதத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

2023-இல் வந்த விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் இதை ஓரளவு யோசித்திருக்கின்றன. சோறு வைக்கும் இடம் பிள்ளைகள் விளையாடும் இடத்துக்கும், படிக்கட்டுக்கும், வாசலுக்கும் தள்ளி இருக்க வேண்டும். ஆள் நடமாட்டம் குறைந்த நேரம் பார்க்க வேண்டும். இடத்தைக் குடியிருப்போர் சங்கம் ஒதுக்க வேண்டும். எங்கள் விஷயத்தில் கடைசியில் தட்டுகள் மைதானத்துப் பின்சுவருக்குப் போயின. அதற்கு நாலு கூட்டம் ஆனது. டீச்சரக்கா இரண்டு மாதம் யாரோடும் பேசவில்லை.

இதோடு ஒன்று சேர்த்துச் சொல்ல வேண்டும். சோறு மட்டும் வைத்துக் கருத்தடைக்குப் பிடித்துக் கொடுக்காதவர் பாதி வேலைதான் செய்கிறார். வயிறு நிறைந்த பெட்டை நிறையக் குட்டி போடும். அதில் பாதி லாரியில் அடிபடும். அந்தக் குட்டிகளின் சாவும் அந்தக் கருணைக் கணக்கில்தான் வரவேண்டும். அதே சமயம், நாய் யாரை நம்பி வருமோ அவரால்தான் அதை எளிதாகப் பிடிக்க முடியும். சோறு வைப்பவரைத் தெருவைவிட்டுத் துரத்தினால் கருத்தடை வண்டி வரும்போது எந்த நாய் என்று அடையாளம் காட்டக்கூட யாரும் இருக்க மாட்டார்கள்.

உயிர்களிடத்து அன்பு நம் மரபு இல்லையா?

ஆம். ஆனால் மரபை இழுப்பவர்கள் பாதிக் கதையோடு நிறுத்திவிடுகிறார்கள். மனுநீதிச் சோழன் கதை எல்லோருக்கும் தெரியும். சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் சிலையே இருக்கிறது. கன்றை இழந்த பசு ஆராய்ச்சி மணியை அடித்தது, அரசன் நீதி தந்தான். இதைச் சொல்லித்தான் “பசுவுக்கே நீதி கொடுத்த மண்ணில் நாய்க்கு இல்லையா?” என்று கேட்கிறார்கள்.

கதையில் நான் கவனிப்பது வேறு. திருவாரூர் வீதியில் தேர் ஓட்டியவன் இளவரசன். விலையை அரசன் குடிமக்கள் தலையில் வைக்கவில்லை, தன் வீட்டுப் பிள்ளை தலையில் வைத்தான். முடிவெடுப்பவனே விலையும் கொடுத்தான் என்பதால்தான் அது நீதிக்கதை. 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், வழக்கில் சேர்ந்த தனிநபர்கள் தலா 25,000 ரூபாயும் தொண்டு அமைப்புகள் தலா 2 லட்சமும் கட்டச் சொன்னது. அந்தப் பணம் நாய்களுக்கான வசதிக்கு. பலர் அதைத் தண்டனை என்று திட்டினார்கள். ஏழைக்குக் கோர்ட்டுக் கதவை அடைக்கும் தொகை என்ற குறையில் நியாயம் உண்டு. ஆனால் அதன் உள்ளே இருந்த யோசனை எனக்குப் பிடித்திருந்தது.

கறி சாப்பிடுகிறவர் நாய்க்கு இரங்கலாமா?

ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி, திங்கட்கிழமை நாய்க்குப் பரிவு என்று கேலி செய்வார்கள். நானும் கறி சாப்பிடுகிறவன்தான். முரண்பாடு இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் ஒருவர் முரண்பட்டவர் என்பதால் அவர் சொல்வது பொய்யாகிவிடாது. சிகரெட் பிடிக்கும் டாக்டர் புகை கெடுதல் என்று சொன்னால் அது உண்மைதானே. இந்தக் கேள்வி எழும்போதெல்லாம் பேச்சு நாயை விட்டுவிட்டுப் பேசுபவரின் யோக்கியதைக்குத் தாவிவிடும். அப்படித் தாவினால் வாயை மூடிக்கொண்டு டீ குடிப்பது நல்லது.

கடிபட்டால்தான் தெரியும் என்கிறார்களே?

எனக்குக் கடிபட்டது. விடிகாலை ஐந்தரை, பால் வாங்கப் போனேன், இடது கெண்டைக்கால். ஓடியிருக்கக் கூடாது, ஓடினேன். பக்கத்தில் இருந்த ஒரு தனியார் கிளினிக்கில் ஒரே ஒரு டி.டி. (டெட்டனஸ்) ஊசி போட்டு, ‘தெரிஞ்ச நாய்தானே, ஒண்ணும் ஆகாது’ என்று அனுப்பிவிட்டார்கள். அன்றைக்கு மதியம் தங்கைதான் திட்டி அரசு மருத்துவமனைக்கு இழுத்துக்கொண்டு போனாள். தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி போடுவார்களே என்று கேட்டேன். செவிலியர் சிரித்துவிட்டார். மூளைத்திசுவிலிருந்து செய்த அந்தப் பழைய மருந்தை 2004-ஓடு நிறுத்திவிட்டார்களாம். இப்போது கையில்தான், தோலுக்குள் இரண்டு சின்னக் குத்து. முதல் நாள், 3-ஆம் நாள், 7-ஆம் நாள், 28-ஆம் நாள். இலவசம். ரத்தம் வந்திருந்ததால் காயத்தைச் சுற்றி இன்னொரு மருந்தும் ஏற்றினார்கள், அதுதான் வலித்தது.

கடிபட்டதால் எனக்கு ஞானம் பிறக்கவில்லை. ஒரு மாதம் எந்த நாயைப் பார்த்தாலும் கொன்றுபோடலாம் என்று இருந்தது. அந்த ஒரு மாதத்தில் என்னிடம் தீர்ப்பைக் கொடுத்திருந்தால் தவறாகத்தான் எழுதியிருப்பேன். அதேபோல் ஒருமுறைகூடக் கடிபடாதவர், பயப்படுகிறவரைப் பார்த்து ‘நீங்க பயந்தாதான் அது கடிக்கும்’ என்று புத்தி சொல்வதும் சகிக்காது. கடிபட்டவர் சாட்சி. சாட்சியைக் கேட்காமல் தீர்ப்பு எழுதக்கூடாது, சாட்சியே தீர்ப்பு எழுதவும் கூடாது.

வளர்ப்பு நாய்க்காரர்களை யாரும் கேட்பதில்லையே?

கேட்க வேண்டும். 2024 மே மாதம் சென்னையில் ஒரு பூங்காவில் 5 வயதுக் குழந்தையைக் கடித்துக் குதறியவை தெருநாய்கள் இல்லை, வளர்ப்பு ராட்வீலர்கள். ஆசைக்கு வாங்கி, பெரிதானதும் புறவழிச்சாலையில் இறக்கிவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள். தெருவில் அலையும் லாப்ரடாரைப் பார்த்தால் வேறு விளக்கம் தேவையில்லை.

கருத்தடை என்று இருபது வருஷமாகச் சொல்கிறார்கள். ஏன் குறையவில்லை?

கருத்தடை செய்து திரும்ப விடும் விதி 2001-இல் வந்தது. சென்னைக் கணக்கெடுப்பில் 2018-இல் 57,000 சொச்சமாக இருந்த எண்ணிக்கை 2024-இல் 1.8 லட்சம் என்று வந்தது. எண்ணிய முறை வேறாக இருந்திருக்கலாம் என்றாலும், குறையவில்லை என்பதைப் பார்க்கக் கண்ணாடி வேண்டாம்.

முறை தவறா, செய்த விதம் தவறா? கோவாவைப் பாருங்கள். அங்கே மாநில அரசும் தொண்டு அமைப்பும் சேர்ந்து, ஆண்டுக்குச் சுமார் ஒரு லட்சம் நாய்களுக்குத் தெருத்தெருவாக ரேபிஸ் தடுப்பூசி போட்டார்கள். எந்தத் தெருவில் எத்தனை போட்டோம், எத்தனை தப்பியது என்று போனிலேயே பதிவு. பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம், சந்தேக நாயைச் சொல்ல ஒரு தொலைபேசி எண். 2021-இல் நாட்டிலேயே முதன்முதலாக ரேபிஸ் கட்டுக்குள் வந்த மாநிலம் என்று அறிவித்தார்கள். அதற்கு முந்தைய 3 ஆண்டுகளில் அங்கே ரேபிஸால் ஒரு மனிதர்கூடச் சாகவில்லை. ஒரு பகுதியில் பத்தில் ஏழு நாய்க்குத் தடுப்பூசி இருந்தால் நோய் பரவாது என்பதுதான் இதன் அடிப்படை. பத்தில் மூன்றுக்குப் போட்டுவிட்டுப் படம் எடுத்துக்கொண்டால் செலவு மட்டும்தான் மிச்சம்.

கோவா சின்ன மாநிலம், உண்மைதான். அதனால் செய்ய முடிந்தது என்பவர்கள், நம் மாவட்டங்களில் பல பரப்பில் அதைவிடச் சின்னவை என்பதையும் சேர்த்து யோசிக்கலாம்.

குடும்ப வாட்ஸ்அப்பில் இதைச் சண்டையில்லாமல் பேச முடியுமா?

வாட்ஸ்அப்பில் முடியாது. நேரில் முடியும், கொஞ்சம் சிரமப்பட்டால்.

எங்கள் வீட்டில் எனக்குப் பலித்தது ஒன்று உண்டு. நாயைப் பற்றிப் பேச்சு வரும்போது உண்மையில் மூன்று கேள்விகள் ஒன்றாக முடிச்சு விழுந்து கிடக்கின்றன: நாயைக் கொல்லலாமா, செலவு யாருடையது, யார் முடிவெடுப்பது. அம்மா முதல் கேள்வியைப் பேசுவார், தங்கை மூன்றாவதற்குப் பதில் சொல்வாள், இருவரும் ஒருவரை ஒருவர் எதிர்க்கிறோம் என்று நினைத்துக் கத்துவார்கள். ஒருநாள் ஒவ்வொன்றாகக் கேட்டேன். கொல்லலாமா? இருவருமே வேண்டாம் என்றார்கள். அம்மாதான் ‘பிடிச்சிட்டுப் போகட்டும்’ கட்சி என்று நான் வருஷக்கணக்காக நினைத்திருந்தேன். ‘பிடிச்சிட்டுப் போனா எங்கயாவது நல்லாத்தானே வெச்சிருப்பாங்க’ என்று அவர் நம்பியிருந்தார், அவ்வளவுதான்.

இன்னொன்று: வீடியோவை அனுப்பாதீர்கள். குழந்தையை நாய் இழுக்கும் காட்சியும் சரி, நாயை அடித்து இழுக்கும் காட்சியும் சரி, பார்த்த பிறகு யாருக்கும் காது கேட்காது.

கடைசியாக, நீங்கள் எந்தக் கட்சி?

நாயைத் தெருவில் இருக்கவிடலாம், ஆனால் தடுப்பூசி இல்லாமல், கருத்தடை இல்லாமல் இருக்கவிடக்கூடாது என்ற கட்சி. கடித்துப் பழகிய நாயை அப்புறப்படுத்துவதற்கு நான் அழமாட்டேன். பிழைக்க வழியில்லாமல் துடிக்கும் நாயைக் கால்நடை மருத்துவர் ஊசி போட்டு விடுவிப்பதையும் கருணை என்றே சொல்வேன். விதிகளும் அதற்கு இடம் தருகின்றன. சோறு வைக்கிறவர் அந்த நாயின் ஊசிக்கும் பொறுப்பேற்க வேண்டும். மாநகராட்சி குப்பையை நேரத்துக்கு அள்ள வேண்டும். எங்கள் தெருவில் முடிவெடுக்கும் கூட்டத்தை இனி ராத்திரி எட்டு மணிக்கு வைக்கக்கூடாது, தெரு கூட்டும் அக்கா வந்து போகும் காலை நேரத்தில் வைக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். இன்னும் யாரும் ஒத்துக்கொள்ளவில்லை.

அந்தச் செவல என்ன ஆயிற்று?

டீச்சரக்காதான் கூப்பிட்டு நிறுத்தினார், வண்டியில் ஏற்றிப் போனார்கள். ஐந்தாம் நாள் கொண்டுவந்து விட்டார்கள். இடது காதில் சின்னதாக ஒரு வெட்டு, கருத்தடை ஆனதற்கு அடையாளம். இரண்டு நாள் யாரையும் கிட்ட விடவில்லை, டீச்சரக்காவைக்கூட. அப்புறம் மைதானத்துப் பின்சுவருக்கு வர ஆரம்பித்தது. துணிக்கடைப் பெண் இப்போதும் அந்த டிரான்ஸ்பார்மர் பக்கம் வரும்போது கைப்பையை முன்னால் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறார்.